தம்பியின் ரேடியோப் பெட்டியும் என் தையல் மோட்டரும்

என் தம்பி என்னைப் பொய்க்காரி என்று சொன்னது ஜெபத்தில் வைத்து. நேருக்கு நேர் சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணி, குடும்ப ஜெபம். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். அவன் முறை வந்தபோது, "ஆண்டவரே, இந்த வீட்டில ஒளிச்சும் மறைச்சும் காரியம் செய்யியவங்களுக்கு நல்ல மனசக் கொடும்" என்றான். வீட்டில் மொத்தம் மூன்று பேர். அவன், அவன் பெண்டாட்டி, நான். அவன் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டான். அவன் பெண்டாட்டி காலையிலேயே நெய்யாற்றின்கரையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பிறகு யார்? கண்ணைத் திறந்து கேட்கவும் முடியாது. கர்த்தரிடம் அல்லவா பேசிக்கொண்டிருக்கிறான். நானும் கடைசியில் "ஆமென்" சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உடம்பு எரிகிறது.

நான் வாய் திறக்கிறவள் இல்லை. நாலாம் கிளாசோடு படிப்பு நின்றது. ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று அளவெடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் பொய் சொன்னதில்லை. சட்டை இன்றைக்குத் தருகிறேன் என்றால் இன்றைக்கே தருவேன். பாறசாலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் தம்பியைத் தவிர.

தொண்ணூறுகளில் நடந்தது இது. தம்பிக்கு நெய்யாற்றின்கரையில் ஆபீஸ் வேலை. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தான். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, அவனைப் போலப் பெட்டி வைத்திருக்கிறவர்களோடு பேசுகிற ரேடியோ. தென்னைக்கு நடுவே நீளமாக இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் கம்பி கட்டியிருந்தான். அவன் மேசை இருந்த அறைக்கும் என் தையல் மெஷின் இருந்த, கூரையைச் சாய்த்து இறக்கிய சாய்ப்புக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவன் மைக்கைப் பிடித்து மலையாளத்திலும் இங்கிலீசிலும் பேசுவான். நான் இந்தப் பக்கம் தைப்பேன். என் மெஷின் ஓடினால் அவனுக்கு ஒன்றும் கேட்காது. "அக்கா, ஒரு நிமிஷம்" என்பான். நிறுத்துவேன். பிறகு அவனே அலுத்துப்போய், பெட்டியின் வால்யூமை முழுசாகத் திருகி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். அது அப்படியே முழுசிலேயே நின்றது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மெஷினுக்கு மோட்டர் வைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷம் காலால் சவுட்டித் தைத்தேன். வலது கால் முட்டு தேய்ந்து, ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் ஆனது. மோட்டர் வந்த பிறகுதான் முட்டு அடங்கியது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் மலைபோலத் தைக்க வேண்டும். மோட்டர் இருந்தால் முடியும். இல்லாவிட்டால் முடியாது. எனக்கு அவ்வளவுதான் கதை.

அந்த வருஷம் தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தான். மோடம் என்று பெயர் சொன்னான். இனிமேல் ரேடியோவில் பேச்சு மட்டும் இல்லை, எழுத்தும் வரும் என்றான். திருவனந்தபுரத்தில் அவன் கூட்டாளி ஒருத்தர் வீட்டில் இதே போல ஒன்று இருக்கிறது. அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே ஆகாயத்தில் ஒரு சேதியை விடும். இங்கே ரேடியோவில் அது "பர்ர்ர்" என்று துணி கிழிகிற சத்தமாகக் கேட்கும். மோடம் அந்தச் சத்தத்தை எழுத்தாக மாற்றிக் கம்ப்யூட்டர் திரையில் பச்சையாகக் காட்டும்.

தம்பிக்கு யாரிடமாவது விளக்கிச் சொல்ல வேண்டும். பெண்டாட்டி கேட்க மாட்டாள். ஆகவே என்னிடம் சொன்னான். "அக்கா, ஒரு கடுதாசியத் துண்டு துண்டாக்கி, கவர்ல போட்டு அனுப்பியது போலயாக்கும். ஒவ்வொரு கவருக்க மேலயும் ஒரு கணக்கு உண்டு. உள்ள ஒரு எழுத்து கெட்டாலும் கணக்கு ஒக்காது. ஒக்கல்லேன்னா அந்தக் கவரையே இது காட்டாது."

"ஒரு எழுத்துக்கா?"

"ஒரு எழுத்துக்கு."

வந்தது எல்லாம் சத்தம்தான். பர்ர்ர் என்று கேட்கும், மோடத்தில் சிவப்பு விளக்கு மினுங்கும், திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு வாரம் ஒயரை மாற்றினான், கழற்றினான், ஈயம் வைத்து ஒட்டினான். குழாயில் ஏறி உச்சிக் கம்பியைத் திருப்பினான். அமரவிளையில் இருந்து அவன் கூட்டாளி ஒரு சார் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டுப் போனார். எழுத்து வரவில்லை.

தம்பி பெண்டாட்டி அடுப்படியில் இருந்து கேட்பாள். "மைனி, உங்க தம்பி கழுத்துல மின்னு கெட்டினது எனக்கா, அந்தப் பெட்டிக்கா? பெட்டிக்க முகத்தையாவது பாக்காரு."

"நீ சும்மா இரி பிள்ளே" என்பேன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்போது எனக்குச் சிரிப்பு இருந்தது.

ஒருநாள் ஏழு மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். வழக்கம் என்னவென்றால், ஜெப நேரத்தில் நான் தையலை நிறுத்துவேன், தம்பியின் பெட்டிப் பக்கம் நான்தான் உட்காருவேன் ஆதலால் அதன் வால்யூமையும் நானே குறைப்பேன். அணைக்கக் கூடாது என்பது அவன் உத்தரவு. ஜெபமும் கெடக் கூடாது, பெட்டியும் நிற்கக் கூடாது. ஆகவே காதில் விழுந்தும் விழாத அளவுக்குக் குறைத்து வைப்பேன். ஜெபம் முடிந்ததும் அவன் எழுந்துபோய், திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வால்யூமை முழுசாகத் திருகிவிடுவான். அதுவும் வழக்கம்.

அன்றைக்கு எழுந்து போனவன், "வந்திருக்கு" என்றான். திரையில் பச்சையாக இரண்டு வரி. நாங்கள் இரண்டு பெண்களும் போய்ப் பார்த்தோம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எழுத்து என்று தெரிந்தது. அடுத்த நாள் ஜெபத்தின்போதும் இரண்டு வரி வந்தது. மற்ற நேரம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் தம்பி என் சாய்ப்பில் வந்து நின்றான். "அக்கா, காரியம் பிடிகிட்டிப் போச்சு. உனக்க மோட்டராக்கும். ஜெபத்துக்கு நீ மெஷின நிறுத்துவ. அப்பம் மட்டும் எழுத்து வருது."

மோட்டர் ஓடினால் டிவி படத்தில் புள்ளி புள்ளியாக விழும் என்பது எனக்கே தெரியும். அது எழுத்தையும் கெடுக்கும் போல என்று நானும் நம்பினேன். பெட்டி ஓடுகிற நேரம் மோட்டரைப் போட மாட்டேன் என்று சொன்னேன். பெட்டி எந்நேரமும் ஓடியது. அவன் ஆபீஸ் போனாலும் அதை அணைக்க மாட்டான், வருகிற எழுத்து எல்லாம் திரையில் சேர வேண்டுமாம். ஆக, நான் மறுபடியும் சவுட்டத் தொடங்கினேன்.

எழுத்து வரவில்லை. ஜெப நேரத்தில் வந்தது, மற்ற நேரம் வரவில்லை. நான் மோட்டரைத் தொடாமல் ஐந்து நாள். தம்பி ஆபீஸில் இருந்து வந்ததும் திரையைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். ஆறாம் நாள் நேரே சாய்ப்புக்கு வந்தான். மோட்டரின் மேல் கையை வைத்தான். அது சுட்டது.

மேற்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை. நாலு மணி வெயில் நேரே அந்த மோட்டரின் மேல்தான் விழும். அந்த இடத்தில் கத்திரிக்கோலை வைத்தாலும் சுடும். "வெயிலு மக்கா" என்றேன். அதுதான் நான் சொன்ன ஒரே பதில். அவன் கையை உதறிவிட்டுப் போனான். அன்று ஏழு மணிக்குத்தான் நான் முதலில் சொன்ன அந்த ஜெபம்.

மறுநாள் காலையில் ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து மோட்டரைக் கழற்றினான். பெல்ட்டையும் எடுத்தான். பேப்பரில் பொதிந்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். என் மோட்டர், என் தையல் காசில் வந்த மோட்டர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் காஜா எடுக்க வைத்திருந்த ஒரு சட்டை இருந்தது. அதைக் கசக்கிப் பிடித்திருந்தேன். அதை மறுபடி தேய்க்க வேண்டிவந்தது.

தம்பி பெண்டாட்டி மட்டும் கேட்டாள். "இது ஞாயமா? மைனி ஜூனுக்குள்ள எப்பிடித் தைப்பாவ?"

"பண்டு மோட்டர் இல்லாம தைக்கல்லியா" என்றான் அவன்.

பண்டு எனக்கு முப்பது வயசு. அதை அவனிடம் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் முட்டு வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டு தைத்தேன். ஒவ்வொரு சவுட்டுக்கும் கோபம் ஏறியது. அவன் மேல் கோபம், அந்த ஆமென் மேல் கோபம், என் வாயின் மேல் அதைவிடப் பெரிய கோபம். அப்படிச் சவுட்டும்போதுதான் ஒன்று தோன்றியது. மோட்டர் அலமாரியில் கிடக்கிறது. பூட்டும் சாவியும் அவனிடம். அப்படியும் பகலில் எழுத்து வரவில்லை, ஜெப நேரத்தில் மட்டும் வருகிறது. படித்தவன், ஆபீசுக்குப் போகிறவன், இதை யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டர் பம்பாக இருக்கும், லைனில் வோல்டேஜ் இல்லை என்று வேறு வேறு சொன்னானே தவிர, என் மோட்டரைத் திரும்பத் தரவில்லை.

அப்படியானால் ஜெபத்தில் வேறு என்ன மாறுகிறது? லைட் மாறவில்லை. ஆட்கள் மாறவில்லை. என் மெஷின் நிற்கிறது, அது காரணம் இல்லை என்றுதான் ஆகிவிட்டதே. பிறகு நான் செய்கிற இன்னொரு காரியம்தான் மிச்சம். பெட்டியின் வால்யூமைக் குறைக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. மறுநாள் அவன் ஆபீஸ் போன பிறகு, தம்பி பெண்டாட்டி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, போய் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் இருந்து வருகிற ஒயர் ஒன்றுதான். அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று சின்ன ஸ்பீக்கருக்கும் ஒன்று மோடத்துக்கும் போகிறது. ஸ்பீக்கருக்கு என்ன சத்தமோ அதே சத்தம்தான் மோடத்துக்கும். எங்கள் காது கிழிகிற சத்தம் அதற்கும் போயிருக்கிறது.

எனக்கு மோடம் தெரியாது. தையல் தெரியும். புதுசாகத் தைக்கப் பழகுகிறவர்கள் நூலை இறுக்கி வைத்தால் தையல் பலமாக இருக்கும் என்று நினைப்பார்கள். இறுக்கினால் துணி சுருங்கும், நூல் அறும். அளவாக விட்டால்தான் தையல் ஒழுங்காக விழும். என் தம்பி எல்லாவற்றையும் இறுக்கிப் பழகியவன்.

அவன் சாமானைத் தொட்டேன் என்று தெரிந்தால் அதற்கும் ஒரு ஜெபம் வரும். இருந்தாலும் வால்யூம் குமிழை ஜெபத்துக்கு வைக்கிற இடத்துக்குத் திருகினேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெல்லிசாகப் பர்ர்ர் என்றது. திரையில் பச்சை வரி. முழுசாகத் திருகினேன். அடுத்த பத்து நிமிஷம் காத்திருந்தேன். காது அடைக்கச் சத்தம், விளக்கு மினுங்கியது, திரையில் ஒன்றும் இல்லை. மறுபடி குறைத்தேன். வரி வந்தது. கால்வாசி கூட்டினேன். அப்போதும் வந்தது. பாதிக்கு மேல் போனபோது நின்றது. ஒரு பாவாடைக்கு மடிப்பு முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தையல் சோக்கை எடுத்து, நல்லபடியாக வருகிற இடத்தில் குமிழுக்கு நேராகப் பெட்டியில் ஒரு கோடு போட்டேன். வெள்ளைக் கோடு, துணியில் போடுவது போல.

சாயங்காலம் தம்பி வந்தான். திரை நிறைய வரி. வாய் திறந்து நின்றான். பிறகு சோக்குக் கோட்டைப் பார்த்தான்.

"இத ஆரு தொட்டது?"

"நான்."

"என்னத்துக்குத் தொட்ட?"

"சத்தம் கூடுனா எழுத்து கெடுது. அந்தக் கோட்டுல நின்னா வருது."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. குமிழைத் திருகிக் கூட்டினான், காத்திருந்தான். குறைத்தான், காத்திருந்தான். பிறகு அவன் முகம் மாறியது. "ஆடியோ லெவல்" என்றான், சுவரைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை. உடனே மைக்கை எடுத்து அமரவிளை சாரைக் கூப்பிட்டான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். லெவல் கூடுதலாக இருந்தது, நான் பார்த்துச் சரி செய்தேன் என்று மலையாளத்தில் சொன்னான். நான் என்றால் அவன்.

அதைக்கூடப் பொறுத்தேன். "மோட்டரத் தா மக்கா" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அவனிடம் நான் வாய்விட்டுக் கேட்ட சாமான் அது ஒன்றுதான்.

"அது அங்க இருக்கட்டு அக்கா. இப்பம்தான் சரியாச்சு. ஞாயிற்றுக்கிழமை சாரு வாறாரு. சும்மா ரிஸ்க் எடுக்காண்டாம்."

ரிஸ்க்காம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டி அமரவிளை சார் வந்தார். நல்ல மனுஷர். வரியெல்லாம் பார்த்துத் தலையை ஆட்டினார். சோக்குக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "இது நல்ல ஐடியா ஆணல்லோ" என்றார். தம்பி சிரித்தான். நான் சாயா கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பேச்சு நீண்டு ஏழு மணி ஆகிவிட்டது. சார் கோயிலுக்குப் போகிற ஆள், எங்கள் ஜெபத்துக்கும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். வால்யூம் சோக்குக் கோட்டிலேயே இருந்தது. நான் குறைக்க எழுந்திருக்கவில்லை.

தம்பி ஜெபித்தான். அவன் பெண்டாட்டி ஜெபித்தாள். என் முறை வந்தால் நான் மனசுக்குள் சொல்லிவிட்டு ஆமென் மட்டும் சத்தமாகச் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. வெளியூர்க்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூட உறைக்கவில்லை. முட்டு வேறு மடக்க முடியாமல் நோகிறது.

"ஆண்டவரே" என்றேன். என் சத்தம் எனக்கே புதுசாக இருந்தது. "நான் ஒளிச்சு மோட்டர் போடல்ல. அது வெயில்ல சுட்டதாக்கும். எழுத்து வராததுக்குக் காரணம் வால்யூமு. அத நான்தான் கண்டுபிடிச்சேன். கோடு போட்டதும் நான்தான். எனக்க மோட்டரு அலமாரியில இருக்கு. எனக்குக் காலு வயக்கல்ல, சவுட்ட முடியல்ல. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் இருந்து மூக்கில் ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தம்பி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமரவிளை சார்தான் பேசினார். "மோட்டர் இவிடெ உண்டோ? எங்கில் நமுக்கு ஒந்நு ஓடிச்சு நோக்காம். டெஸ்ட் செய்தால் அறியாமல்லோ." ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஒயரைச் சோதித்துப் பார்ப்போம் என்பது போலத்தான் சொன்னார்.

சார் சொன்ன பிறகு தம்பியால் ரிஸ்க் என்று சொல்ல முடியவில்லை. சாவியை எடுத்தான். பேப்பரைப் பிரித்தான். நான் அவனை மாட்ட விடவில்லை, ஸ்குரூ டிரைவரை வாங்கி நானே மாட்டினேன். பெல்ட் போட்டேன். ஒரு நீலப் பாவாடையை ஊசிக்குக் கீழே வைத்து மிதித்தேன். மெஷின் இரைந்தது. இடுப்பளவு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் திரையைப் பார்த்து நின்றார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. தைத்தேன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பும்போது பர்ர்ர் என்றது.

"வந்நு" என்றார் சார். "ரண்டு வரியும் வந்நு. சேச்சி பறஞ்ஞது சரியாணு."

தம்பி, குழாயின் கம்பி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான். காற்றே இல்லை.

உடுப்பெல்லாம் ஜூனுக்குள் முடிந்தது. முட்டு முன்னைப்போல ஆகவில்லை, அந்த வீக்கத்துக்குப் பிறகு அது ஒருபோதும் முழுசாக மடங்கவில்லை. சோக்குக் கோடு அழிந்தபோது தம்பி அதே இடத்தில் பெண்டாட்டியின் நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு போட்டான். வருகிறவர்களிடம் அதைக் காட்டுவான். ஜெபத்தில் மழைக்கு நன்றி சொல்வான், பஸ் கிடைத்ததற்கு நன்றி சொல்வான். அக்கா பொய் பறயல்ல என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டு வாங்க எனக்கும் மனசு வரவில்லை. ஒருமுறை வாய் திறந்ததே எனக்குப் பெரிய காரியம்.

ஆனால் ஒன்று செய்தேன். உடுப்புத் தைத்து மிஞ்சிய நீலத் துணியில் மேற்கு ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். கெட்டித் துணி, இரண்டு மடிப்பு. இனிமேல் என் மோட்டர் சுட்டால், நான் தைத்துத்தான் அது சுட வேண்டும். கை வைத்துப் பார்க்கிறவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.